நகரம் ஒப்புக்கொண்டாலும் சட்டம் ஒப்பாத ஒப்பந்தம்

சிங்கப்பூரில் நகர மன்றம் ஒன்றுக்கு நிர்வாக முகவராக இருக்கும் நிறுவனத்தில் மூத்த மேலாளராகப் பணியாற்றும் 46 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். குடிமைப் பொறியியல் படித்தவர்; மின்தூக்கி மேம்பாடு, வடிகால் பராமரிப்பு, வட்டாரப் புதுப்பிப்பு என்று பதினெட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சிறிய நகரம், தன் பொதுப்பணித் துறையின் இயக்குநர் பதவியை ஆண்டுக்கு 210,000 அமெரிக்க டாலர் சம்பளத்தில், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அவருக்குத் தர முன்வந்திருக்கிறது.

நகரம் அனுப்பிய வரைவில், தக்க காரணமின்றிப் பணிநீக்கம் செய்தால் பன்னிரண்டு மாதச் சம்பளம் ஈட்டுத்தொகையாகத் தரப்படும் என்று இருந்தது. அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றில் உயர்பதவியில் இருக்கும் நண்பரின் யோசனைப்படி வாசகர் அந்த வரைவைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். ஈட்டுத்தொகை 24 மாதமாக இருக்க வேண்டும். காருக்கும் வீட்டு வாடகைக்கும் தரும் படிகளும் அதில் பணமாகச் சேர வேண்டும். ஐந்தாண்டு முடிந்ததும் ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்பட்டு ஆண்டுதோறும் 6 விழுக்காடு சம்பளம் உயர வேண்டும். முதல் ஐந்தாண்டு நிறைந்தால் கணவன் மனைவி இருவருக்கும் ஆயுட்கால மருத்துவக் காப்புறுதி வேண்டும். இவையே அவர் சேர்த்தவை. நகர நிர்வாகி தொலைபேசியில், “மேயரிடம் பேசிவிட்டேன், தடையிருக்காது, அடுத்த வாரமே சிறப்புக் கூட்டம் போட்டு முடித்துவிடலாம்” என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அதே நகரத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து வந்த மின்னஞ்சல் வேறு விதமாகப் பேசியது. 18 மாதத்துக்கு மேல் தர இயலாது, பதவியைத் தவறாகப் பயன்படுத்திய குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு கட்டாயம் இடம்பெறும், ஒப்பந்தம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் என்று அதில் இருந்தது. வாசகர் மனம் புண்பட்டிருக்கிறார். “வேலைக்குச் சேருமுன்பே என்னைத் திருடன்போல் நடத்துகிறார்களே” என்கிறார். நண்பரோ இரண்டு குறுக்குவழிகளைச் சொல்லித் தந்திருக்கிறார்: ஒப்பந்தத்தைச் சிங்கப்பூரில் கையெழுத்திட்டுச் சிங்கப்பூர்ச் சட்டமே செல்லும் என்று எழுதிக்கொள்வது, அல்லது எஞ்சிய ஆறு மாதத் தொகையை ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று பெயர் மாற்றி வாங்குவது. இங்குள்ள வேலையிலிருந்து விலக மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டியிருப்பதால், இம்மாத இறுதியில் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட நினைக்கிறார். பள்ளி ஆசிரியையான மனைவி, பொறுத்திருக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி என்பதே கடிதத்தின் கடைசி வரி.

அன்பு வாசகருக்கு,

உங்கள் மனைவி சொல்வதே சரி. பதவி விலகல் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். அந்த ஒரு செய்தியை மட்டும் உங்களுக்கு முன்னதாகவே மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டோம். காரணங்களை இங்கே விரிவாகச் சொல்கிறேன். நான் சிங்கப்பூரில் வழக்காடும் உரிமம் பெற்றவள். கலிபோர்னியச் சட்டத்தின் வாசகங்களை வைத்து உங்கள் நிலையை விளக்கலாமே தவிர, உங்கள் ஒப்பந்தத்தின் இறுதி வடிவத்தை அங்கு உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

உங்கள் நண்பர் கெட்ட எண்ணத்தில் எதையும் சொல்லவில்லை. தனியார் நிறுவனத்தில் அவர் கண்டது அதுதான்: இரு தரப்பும் சம்மதித்தால் எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளலாம், எழுதியதை நீதிமன்றம் காப்பாற்றும். இங்கே சிங்கப்பூரிலும் ஆட்குறைப்பு அனுகூலத்தைப் பற்றிப் பேசும்போது, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் என்ற முத்தரப்பு வழிகாட்டுதலைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அது பரிந்துரை, அதற்கு மேல் தர ஒரு முதலாளி முன்வந்தால் தடுப்பார் இல்லை. ஒரு கலிபோர்னிய நகரம் அப்படிப்பட்ட முதலாளி அன்று. அதன் கருவூலத்திலிருந்து எதற்கு எவ்வளவு தரலாம் என்பதை மாநிலச் சட்டம் வரையறுக்கிறது. அந்த வரையறையைத் தாண்டி நகர நிர்வாகியோ மேயரோ எழுதிக் கொடுத்தால், அது வாடகைக்குக் குடியிருப்பவர் அந்த வீட்டையே விற்றுத் தருவதாக எழுதிக் கொடுத்ததைப் போன்றது. கையெழுத்து உண்மையானது, ஆனால் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. பொது அமைப்போடு ஒப்பந்தம் செய்துகொள்பவர் அதன் அதிகார எல்லையை அறிந்தவராகவே கருதப்படுவார் என்பதும் அங்குள்ள நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆகவே, ‘எனக்குத் தெரியாது, அவர்கள்தாம் ஒப்புக்கொண்டார்கள்’ என்று பிற்பாடு வாதிட இடமில்லை.

இவ்வளவு இறுக்கம் எதற்கு என்று கேட்கிறீர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் பெல் என்று ஒரு சிறிய நகரம் இருக்கிறது. 2010 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 35,000. பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்கள். அந்த நகரத்தின் தலைமை நிர்வாகி ராபர்ட் ரிசோ ஆண்டுக்கு ஏறத்தாழ 788,000 டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்ததை 2010 ஜூலையில் ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. அமெரிக்க அதிபரின் சம்பளம் ஆண்டுக்கு 400,000 டாலர் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிகளையும் சலுகைகளையும் கூட்டினால் தொகை ஏறத்தாழ இரு மடங்கானது. துணை நிர்வாகி, காவல்துறைத் தலைவர், பகுதிநேர வேலையாக இருக்க வேண்டிய கவுன்சில் உறுப்பினர் பதவி என்று எல்லாவற்றிலும் இதே கதைதான். ரிசோவுக்கு 2014இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த விவகாரத்தின் சூட்டில்தான் 2011இல் ‘ஏபி 1344’ என்ற சட்டம் நிறைவேறி, 2012 ஜனவரி 1 முதல் செய்யப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் உள்ளாட்சி உயரதிகாரிகளின் ஒப்பந்தங்கள் அனைத்துக்கும் பொருந்துகிறது. மனிதவளப் பிரிவின் மின்னஞ்சல் உங்களைக் குறிவைத்து எழுதப்பட்டதன்று என்பதை இதிலிருந்து உணர்ந்துகொள்வீர்கள்.

‘நான் துறைத் தலைவர் மட்டும்தானே’ என்ற எண்ணம்

இந்த வரம்புகள் நகர நிர்வாகிக்கு மட்டும் உரியவை, பொதுப்பணி இயக்குநருக்குப் பொருந்தா என்று நீங்கள் கருதுவது தவறு. கலிபோர்னிய அரசாங்கச் சட்டத்தொகுப்பின் 3511.1ஆம் பிரிவு, ‘உள்ளாட்சி உயரதிகாரி’ என்ற வகைக்குள் தலைமை நிர்வாகி, அவருடைய துணை, உதவி நிர்வாகிகள் ஆகியோரோடு துறைத் தலைவரையும் சேர்க்கிறது. தனி ஒப்பந்தத்தின் பேரில் பதவி வகிப்பவரையும் சேர்க்கிறது. நீங்கள் இரண்டு வழியிலும் அதற்குள் வருகிறீர்கள். அந்த நகரத்துக்குத் தனிச் சாசனம், அதாவது தன் ஆட்சிமுறையைத் தானே வகுத்துக்கொண்ட அடிப்படை ஆவணம், இருக்கிறது, அதனால் மாநில விதி செல்லாது என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்; சாசன நகரங்களையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் தப்பிவிடலாம் என்ற யோசனையும் இதனால்தான் நிற்காது. சட்டத் தேர்வுப் பிரிவு என்பது இரண்டு தனியார் தரப்புகள் தமக்குள் எந்தச் சட்டப்படி சச்சரவைத் தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்வதற்கானது. நகரத்துக்கு இல்லாத அதிகாரத்தை அது உண்டாக்காது. ஒப்பந்தத்தை நீங்கள் ராஃபிள்ஸ் பிளேஸில் கையெழுத்திட்டாலும் சான்டியாகோவில் கையெழுத்திட்டாலும் பணம் வெளியே வருவது கலிபோர்னியக் கருவூலத்திலிருந்துதான்.

பதினெட்டு மாதம் என்பது எப்போது பதினெட்டு மாதம்?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த இடம் இதுவே. 24ஆ, 18ஆ என்று வாதிடுவதில் முனைந்திருந்த நீங்கள், அந்த 18 எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனிக்கவில்லை. அதே சட்டத்தொகுப்பின் 53260ஆம் பிரிவு சொல்வது இது: ஒப்பந்தம் முறிக்கப்பட்டால் தரக்கூடிய அதிகபட்சப் பணம், ஒப்பந்தத்தில் எஞ்சியிருக்கும் மாதங்களின் எண்ணிக்கையை மாதச் சம்பளத்தால் பெருக்கினால் வரும் தொகை, எஞ்சிய மாதங்கள் பதினெட்டுக்கு மேல் இருந்தால் 18 மாதச் சம்பளத்தோடு நின்றுவிடும். இந்த வரம்பு பெல் விவகாரத்துக்கு முன்பே சட்டத்தில் இருந்தது. 2012 முதல் உயரதிகாரிகளின் ஒப்பந்தங்கள் அதை மீறவே கூடாது என்று மீண்டும் வலியுறுத்தப்பட்டிருக்கிறது.

உங்கள் சம்பளத்தை வைத்தே பார்ப்போம். மாதச் சம்பளம் 17,500 டாலர். நீங்கள் சேர்ந்து ஓராண்டில் நீக்கப்பட்டால் எஞ்சியிருப்பது 48 மாதம். ஆனாலும் அதிகபட்சம் 18 மாதம்தான், அதாவது 315,000 டாலர். நீங்கள் கேட்ட 24 மாதம் என்றால் 420,000 டாலர் ஆகும். அந்த வித்தியாசமான 105,000 டாலரை யாராலும் சட்டப்படி தர முடியாது. இப்போது நான்கு ஆண்டு இரண்டு மாதத்தில் நீக்கப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சியிருப்பது 10 மாதம். அதிகபட்சம் 175,000 டாலர். கடைசி மாதத்தில் நீக்கப்பட்டால் ஒரு மாதச் சம்பளமே எல்லை. வேறு விதமாகச் சொன்னால், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் மூன்றரை ஆண்டு கடந்த நாளிலிருந்து உங்கள் பாதுகாப்பு மாதாமாதம் 17,500 டாலர் வீதம் கரைந்துகொண்டே போகும். ஆகவே, ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றிய பேச்சை மூன்றாம் ஆண்டு முடிவிலேயே தொடங்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். 24 மாதத்துக்காகப் போராடுவதைவிட அந்த ஒரு வரி உங்களுக்கு அதிகம் உதவும்.

இது உச்சவரம்பு மட்டுமே, இவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்பதன்று என்பதையும் சட்டமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நகரம் முதலில் எழுதிய 12 மாதம் முறையான, மோசமில்லாத முன்மொழிவு. அதிலிருந்து 18க்கு உயர்த்தக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஐந்தாண்டு வேலை உறுதி என்றும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தனிச் சாசனம் இல்லாத ‘பொதுச் சட்ட’ நகரங்களில் நியமன அதிகாரிகள் கவுன்சில் விரும்பும்வரை மட்டுமே பதவியில் நீடிக்கிறார்கள் என்று 36506ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, எந்த நாளும் உங்களை அனுப்பிவிடலாம். ‘ஐந்தாண்டு’ என்ற சொல்லின் பயன் பெரும்பாலும் மேலே சொன்ன கணக்கோடு முடிந்துவிடுகிறது.

காரையும் வாடகைப் படியையும் பணமாக்கி ஈட்டுத்தொகையில் சேர்க்க இயலாது. 53261ஆம் பிரிவின்படி, பணமல்லாத சலுகைகளில் மருத்துவ நலன் ஒன்றைத்தான் தொடரலாம். அதுவும் ஈட்டுத்தொகை எத்தனை மாதத்துக்குரியதோ அத்தனை மாதம் வரை, அல்லது உங்களுக்கு வேறு வேலை கிடைக்கும்வரை, எது முன்னே வருகிறதோ அதுவரை. ஆயுட்காலக் காப்புறுதிக்கு வேறொரு தடை இருக்கிறது. 2013இல் நடைமுறைக்கு வந்த ஓய்வூதியச் சீர்திருத்தச் சட்டப்படி, அதே நகரத்தின் மற்ற ஊழியர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதைவிடச் சாதகமான ஓய்வுக்கால மருத்துவ உரிமையை மேலதிகாரிகளுக்குத் தரக் கூடாது. குப்பை வண்டி ஓட்டுநருக்கு எத்தனை ஆண்டில் அந்த உரிமை கிடைக்கிறதோ, உங்களுக்கும் அத்தனை ஆண்டில்தான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

‘ஆலோசனைக் கட்டணம்’ என்ற யோசனையைத் தயவுசெய்து அடியோடு மறந்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற கோரிக்கைகள் நிறைவேறாமல் போனால் உங்களுக்குக் கிடைப்பது ஏமாற்றம். இது நிறைவேறினால் கிடைப்பது ஆபத்து. செய்யாத வேலைக்குப் பொதுப்பணத்தைக் கொடுப்பதையும், முடிந்துபோன சேவைக்குப் பின்னர் கூடுதல் ஊதியம் தருவதையும் கலிபோர்னிய அரசியலமைப்பே தடுக்கிறது. அது போக, பதவியில் இருப்பவர் தாம் பதவியின் பெயரால் பங்கெடுத்துச் செய்யும் ஒப்பந்தத்தில் தமக்கே பண ஆதாயம் வைத்துக்கொள்வதை 1090ஆம் பிரிவு தடை செய்கிறது. அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்பதோடு, தெரிந்தே செய்தால் அது குற்றமும் ஆகும். அயல்நாட்டு விசாவில் இருக்கும் ஒருவருக்கு அதன் விளைவு என்னவாக இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

தானியங்கிப் புதுப்பிப்பும் 6 விழுக்காடும்

இதில் உங்களுக்குச் சிறிது இடம் இருக்கிறது. 3511.2ஆம் பிரிவு தடுப்பது, தானாகவே புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் விலைவாசிச் சரிக்கட்டலைத் தாண்டிய தானியங்கி ஊதிய உயர்வைச் சேர்ப்பதை. விலைவாசி என்பதை அவர்கள் விருப்பம்போல் கணக்கிட முடியாது. நகர்ப்புறக் கூலி ஊழியர்களுக்கும் எழுத்தர்களுக்குமான கலிபோர்னியப் பயனீட்டாளர் விலைக் குறியீடே அளவுகோல். நீங்கள் எழுதியபடி, யாரும் வாக்களிக்காமலே ஒப்பந்தம் நீண்டு, யாரும் வாக்களிக்காமலே ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுவது செல்லாது. ஆனால் முதல் ஐந்தாண்டுக்குள் படிப்படியான உயர்வை வெளிப்படையாக எழுதிக்கொள்வதையோ, காலம் முடியும்போது கவுன்சில் புதிதாக வாக்களித்து 6 விழுக்காடு தருவதையோ இந்தப் பிரிவு தடுக்கவில்லை. எந்த உயர்வானாலும் கவுன்சில் ஏற்றுப் பொதுவில் வெளியிட்ட சம்பளப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். கலிபோர்னியப் பொது ஊழியர்களுக்கான ‘கால்பெர்ஸ்’ ஓய்வூதியத் திட்டத்தில் நகரம் சேர்ந்திருந்தால், பட்டியலில் இல்லாத ஊதியம் ஓய்வூதியக் கணக்கில் ஏறாது.

திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விசாரணைக் காலத்தில் விடுப்புச் சம்பளம், குற்ற வழக்கில் தற்காப்புக்கு நகரம் செலவழித்த பணம், பணிநீக்க ஈட்டுத்தொகை ஆகியவற்றை, பதவியைத் தவறாகப் பயன்படுத்திய குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று 53243ஆம் பிரிவும் அதைத் தொடரும் பிரிவுகளும் விதிக்கின்றன. குற்றச்சாட்டு எழுந்தாலே திருப்பித் தர வேண்டியதில்லை. தண்டனைத் தீர்ப்பு வேண்டும். இந்தப் பிரிவை நீக்கச் சொல்லி நீங்கள் வாதிட்டால், எதிரே இருப்பவர் மனத்தில் தேவையில்லாத ஐயம்தான் எழும்.

சம்பளத்தை இரகசியமாக வைத்திருக்கவும் வழியில்லை. நம் ஊரில் உடன்பிறந்தவரிடம்கூடச் சம்பளத்தைச் சொல்லத் தயங்குகிறோம். அங்கே உங்கள் ஒப்பந்தத்தின் படியை எந்தக் குடிமகனும் கேட்டு வாங்கலாம். உள்ளாட்சி அமைப்புகள் ஒவ்வோர் ஆண்டும் பதவிவாரியாக ஊதிய விவரத்தை மாநிலக் கணக்கதிகாரிக்கு அனுப்ப வேண்டும், அது இணையத்திலும் வெளியாகிறது. உறவினர் ஒருவர் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுத் தீபாவளி விருந்தில் அதைப் பற்றிப் பேசக்கூடும் என்பதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

சிறப்புக் கூட்டம் என்ற வாக்குறுதி

நகர நிர்வாகி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு கோளாறுகள் உள்ளன. முதலாவது, மேயரின் சம்மதம் கவுன்சிலின் சம்மதம் ஆகாது. அங்குள்ள சிறு நகரங்களில் கவுன்சில் பெரும்பாலும் ஐந்து பேர் கொண்டது, மேயர் அவர்களில் ஒருவர், அவருக்கும் ஒரே வாக்குத்தான். துறைத் தலைவரின் சம்பளத்தையும் சலுகைகளையும் பற்றிய முடிவைக் கவுன்சில் பகிரங்கக் கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது கோளாறு பெரியது. கலிபோர்னியாவில் உள்ளாட்சிக் கூட்டங்களைப் பகிரங்கமாக நடத்தச் சொல்வது 1953இல் வந்த பிரவுன் சட்டம். உள்ளாட்சி உயரதிகாரியின் சம்பளத்தையும் சலுகைகளையும் பற்றி முடிவெடுக்கச் சிறப்புக் கூட்டம் கூட்டக் கூடாது என்று அதன் 54956ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேர அறிவிப்பே போதும், வழக்கமான கூட்டத்துக்கோ நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரம் முன்பு ஒட்ட வேண்டும். ஊரார் கண்ணில் படாமல் சம்பளத்தை முடித்துவிடக் கூடாது என்பதே நோக்கம். வழக்கமான கூட்டத்திலும், வாக்கெடுப்புக்கு முன் உங்கள் சம்பளம், சலுகைகளின் சுருக்கத்தை வாய்மொழியாக அறிவிக்க வேண்டும். இவற்றை மீறி எடுத்த முடிவை, அக்கறையுள்ள எவரும் வழக்குத் தொடுத்து நீதிமன்றத்தின் வழியே செல்லாததாக்க முயலலாம். உங்கள் வேலைக்கான அடித்தளமே அப்படி ஆட்டம் காண வேண்டுமா?

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்று. இவ்விதிகளைத் தினமும் கையாள வேண்டிய நகர நிர்வாகி இவ்வளவு எளிதாகச் ‘சிறப்புக் கூட்டம்’ என்று சொன்னது எனக்கு நெருடுகிறது. வேலைக்கு ஆள் கிடைத்த உற்சாகத்தில் வாய் தவறியிருக்கலாம். ஆனாலும் அந்த நகரத்தின் கடந்த ஓராண்டுக் கவுன்சில் கூட்டக் குறிப்புகளை இணையத்தில் படித்துப் பாருங்கள். முந்தைய பொதுப்பணி இயக்குநர் எத்தனை காலம் இருந்தார், எப்படிப் போனார், அடுத்த தேர்தல் எப்போது என்பவை உங்களுக்கு அதில் தெரியவரும். மனிதவளப் பிரிவு உங்களுக்கு எழுதிய, உங்களைப் புண்படுத்திய அந்த மின்னஞ்சல்தான் இந்த விவகாரத்தில் நம்பத் தகுந்த ஒரே ஆவணம் என்றும் சொல்வேன்.

விசாவும் ஓய்வூதியமும்

சிங்கப்பூரர் என்பதால் எச்-1பி1 விசாவில் செல்லப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். 2004இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க-சிங்கப்பூர்த் தடையற்ற வர்த்தக உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 5,400 இடங்கள் நமக்கு உண்டு. ஆனால் அதில் தங்கும் அனுமதி ஒவ்வோர் ஆண்டாகத்தான் நீட்டிக்கப்படும். நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இல்லை என்றும் காட்ட வேண்டும். ஐந்தாண்டு, அதன்பின் தானாகவே இன்னோர் ஐந்தாண்டு, ஆயுட்காலக் காப்புறுதி என்று எழுதிய ஒப்பந்தத்தை நேப்பியர் சாலை அமெரிக்கத் தூதரக அதிகாரியிடம் நீட்டிக்கொண்டு ‘தற்காலிகமாகத்தான் போகிறேன்’ என்று சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை போனால் உங்களுக்குக் கிடைக்கும் கால அவகாசம் அதிகபட்சம் 60 நாள். ஈட்டுத்தொகை எத்தனை மாதத்துக்கானதாக இருந்தாலும் இந்த 60 நாள் நீளாது. உங்களைச் சார்ந்து வரும் மனைவி அங்கே வேலை செய்ய அந்த விசா இடம் தராது. அவருடைய ஆசிரியர் சம்பளத்தையும் கணக்கில் வைத்துத்தான் 210,000 டாலர் கூடுதலா குறைவா என்று முடிவு செய்ய வேண்டும்.

மத்திய சேமநிதிக்கு அந்த நகரம் எதுவும் செலுத்தாது. கால்பெர்ஸ் திட்டத்தில் ஓய்வூதிய உரிமை பெற ஐந்தாண்டுச் சேவை தேவை. நான்கு ஆண்டு இரண்டு மாதத்தில் நீக்கப்பட்ட அந்த உதாரணத்தை மறுபடி எடுத்துக்கொண்டால், நீங்கள் செலுத்திய பங்கு வட்டியோடு திரும்பக் கிடைக்கலாம், ஓய்வூதியம் கிடைக்காது. ஒப்பந்தக் காலம் சரியாக ஐந்தாண்டாக இருப்பது, ஈட்டுத்தொகை கரையும் காலமும் ஓய்வூதிய உரிமை கனியாத காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி செய்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் நீட்டிப்புப் பேச்சு என்று நான் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

வரம்புக்குள் கேட்கக்கூடியவை

தொடக்கச் சம்பளத்தைக் கேளுங்கள்; ஈட்டுத்தொகையும் அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது, எனவே மாதத்துக்கு 1,000 டாலர் கூடினால் 18 மாத உச்சவரம்பில் 18,000 டாலர் கூடும். படிகளாகத் தருவதாகச் சொல்வதில் ஒரு பகுதியைச் சம்பளமாகவே மாற்றித் தர முடியுமா என்று பேசிப் பாருங்கள். இடம்பெயரும் செலவை வந்து சேரும் கட்டத்திலேயே முழுமையாகக் கேளுங்கள். திரும்பிப் போகும் செலவு என்று பணிநீக்கத்தோடு இணைத்து எழுதினால் அது பணமல்லாத சலுகை என்ற தடையில் சிக்கக்கூடும். ‘தக்க காரணம்’ என்றால் என்ன என்பதை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தக் காரணம் இருந்தால் ஈட்டுத்தொகையே கிடையாது. ‘கவுன்சிலின் நம்பிக்கையை இழத்தல்’ போன்ற நெகிழ்வான சொற்றொடரை அதில் நுழைய விடாதீர்கள். தேர்தல் முடிந்து புதிய கவுன்சில் வந்த முதல் சில மாதங்களில் நீக்கக் கூடாது என்ற பிரிவைச் சில நகரங்கள் நகர நிர்வாகிகளுக்குத் தருகின்றன. துறைத் தலைவருக்கும் தருமாறு கேட்பதில் தவறில்லை. பணி தொடர்பான உரிமையியல் வழக்குகளில் நகரமே உங்களுக்காக வாதாடும் என்பது பொதுவாகச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை ஒப்பந்தத்திலும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளலாம்.

இவற்றைத் திருத்தி அனுப்புமுன், பொதுத்துறை உயரதிகாரிகளின் ஒப்பந்தங்களைப் பார்த்துப் பழகிய கலிபோர்னிய வழக்கறிஞர் ஒருவரைச் சில மணி நேரத்துக்கு அமர்த்துங்கள். நகரத்தின் வழக்கறிஞர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் நகரத்தின் வழக்கறிஞர்தான். பிறகு வரிசை இப்படி இருக்கட்டும்: திருத்திய ஒப்பந்தம் வழக்கமான கூட்டம் ஒன்றின் நிகழ்ச்சிநிரலில் வர வேண்டும், கவுன்சில் வாக்களித்து ஏற்றதைக் காட்டும் கூட்டக் குறிப்பின் படி உங்கள் கைக்கு வர வேண்டும், விசா கடப்பிதழில் ஏற வேண்டும், பணியில் சேரும் நாள், அதற்குப்பின் குறைந்தது நான்கு மாதம் தள்ளி இருக்க வேண்டும். அதன் பிறகு இங்குள்ள நிறுவனத்துக்கு மூன்று மாத முன்னறிவிப்பைக் கொடுங்கள். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது என்று அந்த நகரம் சொன்னால், அதையும் எழுத்தில் வாங்கி உங்கள் மனைவியிடம் காட்டுங்கள்.